ஓர் ஊர், ஒரு வரத்துக்கால், இரண்டு ஆண்டு: என்.எஸ்.எஸ். மாணவத் தலைவருக்கான வழிகாட்டி

நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரப் பணி, கூடவே ஒரு 7 நாள் சிறப்பு முகாம். சான்றிதழ் வாங்க இவ்வளவு போதும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே இந்த மணிக்கணக்கை நிரப்பிவிடலாம். அதே 240 மணி நேரத்தில் ஓர் ஊருக்குப் பதில் சொல்லும் ஆளாகவும் வளரலாம். அப்படி வளர நினைக்கும் மாணவத் தலைவருக்காக இதை எழுதுகிறோம்.

தலைமை வளர ஒரு நிபந்தனை உண்டு. செய்த வேலை தப்பாகப் போனால், அடுத்த வாரம் அதே முகங்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்க வேண்டும். ஒரு நாள் பேரணியிலும் ஒரு மணி நேர விழிப்புணர்வு நாடகத்திலும் அந்த நிலை வராது. ஆகவே ஒரே ஊர், ஒரே வேலை, இரண்டு ஆண்டு என்று முடிவெடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

தத்தெடுக்கும் கிராமத்தைத் திட்ட அலுவலரே (அணிக்குப் பொறுப்பான ஆசிரியர்) சொல்லிவிடுவது வழக்கம். உங்களுக்குச் சொல்ல இடம் இருந்தால் முதலில் பேருந்தைப் பாருங்கள். கல்லூரியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேலும் திரும்பி வர வண்டி இருக்க வேண்டும். அரசின் சாதாரண நகரப் பேருந்து போகும் ஊரானால் மாணவிகளுக்குக் கட்டணம் இல்லை. இது வருகையை நேரடியாகக் கூட்டும். மிகவும் பின்தங்கிய ஊர் என்று 60 கிலோமீட்டர் தள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அணிகள் மூன்றாம் மாதமே தேய்ந்துவிடுகின்றன. ஆர்வம் குறைவதால் வரும் தேய்வு அன்று இது. பேருந்துச் செலவும், இருட்டிய பிறகு வீடு திரும்பும் பயமும்தான் காரணம்.

முதல் தடவை மூன்று பேர் மட்டும் போங்கள். பதாகை வேண்டாம், சீருடை பனியனும் வேண்டாம். ஊராட்சி மன்றத் தலைவரையும் ஊராட்சி செயலரையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள். பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் குழுத் தலைவி, பால் சொசைட்டியில் பால் அளப்பவர், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவர் ஆகியோரையும் பாருங்கள். தண்ணீர் ஏற்றுபவருக்குத் தெரியாத தெரு ஊரில் இருக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கிராமங்கள் பலவற்றில் ஊர் வேறு, காலனி வேறு. ஊருக்குள் நடக்கிற கூட்டத்துக்குக் காலனிக்காரர்கள் வரமாட்டார்கள், அல்லது வந்து ஓரமாக நிற்பார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது நீங்கள் வாய் திறக்கும் முன்பே முடிவாகிவிடும். பள்ளி வளாகம், அங்கன்வாடி, நூலகம் ஆகியவை எல்லாரும் வரக்கூடிய இடங்கள். முதல் மாதத்தில் ஊருக்கு எத்தனை தடவை போகிறீர்களோ அத்தனை தடவை காலனிக்கும் போங்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் இரண்டு இடத்திலும் வாங்கிக் குடியுங்கள். நீங்கள் எங்கே குடித்தீர்கள், எங்கே குடிக்கவில்லை என்பதை இரண்டு பக்கமும் கவனிப்பார்கள்.

கேட்பது எப்படி

முதல் 12 மணி நேரத்தைக் கேட்பதற்கே ஒதுக்குங்கள்: மூன்று மணி நேரம் வீதம் நான்கு தடவை. நேரத்தை மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஆண்களைக் காலை ஆறு மணிக்கு டீக்கடையில் பார்க்கலாம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மதியத்துக்கு மேல்தான் கிடைப்பார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் போய் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். முடிந்தால் குடத்தைத் தூக்கிக் கொடுங்கள்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால், வந்தவர்கள் கொடுக்கக்கூடியது எதுவோ அதைத்தான் பதிலாகச் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்.

"பாட்டி, இன்னைக்குத் தண்ணி எத்தன மணிக்கு வந்துச்சு?"

"ஏழு மணிக்கு வந்துச்சு சாமி. நாலு குடம் புடிக்கிறதுக்குள்ள நின்னுபோச்சு."

"அப்புறம் மாட்டுக்கு என்ன பண்ணீங்க?"

"முன்னெல்லாம் ஊருணில குடிக்கும். இப்ப அங்க எங்க தண்ணி நிக்குது? காலு ரெண்டு வருசமா மண்ணு மூடிக் கெடக்கு."

இரண்டே கேள்விகளில் குடிநீர், கால்நடை, வரத்துக்கால் (ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) மூன்றும் வந்துவிட்டன. அவர் சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். 'நீர் மேலாண்மைக் குறைபாடு' என்று மாற்றி எழுதினால், எந்தக் கால், எத்தனை வருடமாக என்பது காணாமல் போய்விடும். பேசும்போது அக்கா, அண்ணே, அம்மா, ஐயா என்று அந்தப் பகுதியில் எப்படி அழைப்பார்களோ அப்படியே அழையுங்கள். 'பயனாளி' என்ற சொல் அறிக்கையிலும் வேண்டாம்.

கோலமாவில் ஊர் வரைபடம்

கேட்டது சரியா என்று ஊரே சேர்ந்து பார்க்கும் வழி இது. தேவையானவை: 2 கிலோ கோலமாவு, மூன்று நிற வண்ணப்பொடி தலா கால் கிலோ, 300 புளியங்கொட்டை, கூழாங்கற்கள், வேப்பிலைக் கொத்து, ஒரு பெரிய சார்ட் தாள். பள்ளி மைதானத்தில் 15 அடிக்கு 15 அடி இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுங்கள். நேரம் ஒன்றரை மணி.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வரையச் சொல்லுங்கள்: பேருந்து நிறுத்தம் அல்லது பள்ளிக்கூடம். பிறகு தெருக்கள், வீடுகள், கிணறு, கைப்பம்பு, குழாய், ஏரி, கால்வாய். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. பள்ளியை நிறுத்திவிட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு கூழாங்கல். தண்ணீர் எட்டாத தெருவில் சிவப்புப் பொடி. அணியில் மூன்று பேருக்கு மட்டும் வேலை: ஒருவர் பேசுவார், ஒருவர் எழுதுவார், மூன்றாமவர் வாயே திறக்காமல் யார் பேசவில்லை என்று குறித்துக்கொள்வார். இந்த மூன்றாம் வேலைதான் கடினம். நன்றாகப் பேசத் தெரிந்த மாணவரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே மாலையில் அவர் கற்பது நிறைய.

இதில் தப்பு இரண்டு வழியாக நுழையும். ஒன்று, மாணவர் கோலமாவைத் தன் கையில் எடுப்பது. எடுத்த நொடியில் வரைபடம் மாணவருடையதாகிவிடும், ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்குவார்கள். மாவு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். கோடு கோணலாகப் போனால் போகட்டும். இன்னொன்று, படித்த இளைஞர் ஒருவர் முன்னால் வந்து மளமளவென்று வரைந்துவிடுவது. அவரைத் தடுக்காமல், "அண்ணே, இத அப்படியே சார்ட்டுல எடுத்துக் குடுங்க" என்று தாளிடம் அனுப்பிவிடுங்கள். பெண்களும் ஆண்களும் தனித்தனியே இரண்டு படம் போடுவது நல்லது. ஆண்கள் படத்தில் கழிப்பறை இல்லாத வீடுகளும் விறகு பொறுக்கும் பாதையும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சு தானாகவே தொடங்கும். கிளம்பும் முன் படத்தைத் தாளில் நகலெடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒட்டிவிட்டு வாருங்கள்.

ஒரே ஒரு வேலை

கிடைத்த பட்டியலில் பத்து விஷயம் இருக்கும். எடுப்பது ஒன்று. 20 பேர் கையால் ஓராண்டுக்குள் முடியக்கூடியதா, பெரிய பணம் தேவையில்லாததா, நீங்கள் போன பிறகும் ஊரில் இருவராவது தொடர்வார்களா என்று பாருங்கள். மூன்றாம் கேள்விக்கு அந்த இருவரின் பெயரை எழுத முடியவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். மாலை நேரப் படிப்பகம், பள்ளி நூலகத்தை ஒழுங்கு செய்வது, வரத்துக்கால் தூர்வாருவது எல்லாம் இந்தச் சோதனையில் தேறும். சாலை போடுவதும் கழிப்பறை கட்டுவதும் தேறாது. அவற்றுக்கு மனுதான் வழி.

பாட்டி சொன்ன வரத்துக்காலையே எடுத்துக்கொள்வோம்.

வரத்துக்கால் தூர்வாரல்

முதலில் அனுமதி. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் பாசனப் பரப்புள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணிக்கும் குட்டைக்கும் ஊராட்சியிடம் கேட்க வேண்டும். கடிதம் கல்லூரி முதல்வர் வழியாகப் போகட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு, புல வரைபடத்தில் கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது வரத்துக்காலை மடக்கி வயலோடு சேர்த்திருந்தால் அந்த இடத்தில் மண்வெட்டி வைக்காதீர்கள். அளந்து சொல்ல வேண்டியவர் நில அளவர். மாணவர் கைவைத்தால் தண்ணீர்ப் பேச்சு வரப்புச் சண்டையாக மாறும், அணி அந்த ஊருக்குள் மறுபடி நுழைய முடியாது.

அடுத்தது காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் முடிக்காத தூர்வாரலுக்கு அந்த ஆண்டு பலன் இல்லை. சிறப்பு முகாமோ பல கல்லூரிகளில் பருவத் தேர்வுக்குப் பிறகுதான் வரும். அதனால் மண்வேலையை வாராந்திரப் பணி நேரத்திலேயே செய்ய வேண்டும். முகாமுக்காகக் காத்திருந்து பிப்ரவரியில் வரத்துக்காலை வெட்டினால், அடுத்த மழைக்குள் காற்றும் ஆடும் மாடும் பாதியை மூடிவிடும்.

கணக்கு இப்படி. ஒரு மீட்டர் அகலக் காலில் 30 சென்டிமீட்டர் வண்டல் இருந்தால், மீட்டர் நீளத்துக்கு 0.3 கன மீட்டர் மண். வெட்டுபவர், சுமப்பவர் எல்லாரையும் சேர்த்து ஆளுக்கு மூன்று மணி நேரத்தில் அரை கன மீட்டர் வந்தால், பழகாத கைகளுக்கு அது நல்ல அளவு. 25 பேர் ஒரு காலையில் 12.5 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 மீட்டர் நீளம். 400 மீட்டர் வரத்துக்காலுக்குப் பத்து நாள் காலை வேலை. ஊருக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். "ரெண்டு ஞாயித்துக்கெழமைல முடிச்சுடுவோம்" என்று வாய்விட்டால், மூன்றாம் ஞாயிறு முதல் உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை.

25 பேருக்கு 8 மண்வெட்டி, 2 கடப்பாரை, 12 இரும்புச் சட்டி, 4 அரிவாள் போதும். எல்லாரும் ஷூ போட்டு வர வேண்டும். சீமைக் கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறும். அந்தச் செடியை மாணவர்கள் மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க இயந்திரம் தேவை. அதை ஊராட்சியிடம் கேளுங்கள்.

வெட்டத் தொடங்குவது ஊருணி வாயிலிலிருந்து, மேல்நோக்கி. பாதியில் வேலை நின்றாலும் வெட்டிய வரைக்கும் பக்கத்து மழைநீர் ஊருணிக்குப் போகும். மேலிருந்து தொடங்கிப் பாதியில் நின்றால், வேகமாக வரும் தண்ணீர் மண்மேட்டில் முட்டிப் பக்கத்து வயலுக்குள் பாயும். எடுத்த மண்ணைக் கரையிலிருந்து மூன்றடியாவது தள்ளிக் கொட்டுங்கள்; விளிம்பில் குவித்தால் முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். 30 மீட்டருக்கு ஒரு தடவை கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்துச் சரிவு பாருங்கள். மண் இளகலாக இருக்கும் இடத்தில் உற்சாகமாகத் தோண்டிவிடுவது மாணவர் வழக்கம். அங்கே பள்ளம் விழும், தண்ணீர் அதிலேயே தேங்கும், ஊருணிக்கு வராது.

வேலை நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை. ஆளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வெறும் வயிற்றில் யாரையும் மண்வெட்டி எடுக்க விடாதீர்கள். ஊறவைத்த கடலையும் வெல்லமும் போதும்.

வருகிறேன் என்று சொன்னவர்கள் வராதபோது

12 பேர் சொன்னால் 7 பேர் வருவார்கள். இதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளும் தலைவர் ஆறு மாதத்தில் களைத்துப்போவார். 7 பேருக்குத் திட்டமிடுங்கள். 12 பேர் வந்தால் மகிழ்ச்சி. வராதவரைக் குழு வாட்ஸ்அப்பில் எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியே அழைத்துக் காரணம் கேளுங்கள். இன்டர்னல் தேர்வு, வீட்டில் அனுமதி இல்லாதது, கையில் பேருந்துக்குக் காசு இல்லாதது, மாதவிடாய் நாளில் போக இடம் இல்லாதது என்று காரணங்கள் வரும். கடைசி இரண்டையும் தலைவர் கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை உள்ள ஒரு வீட்டையோ பள்ளியையோ முன்கூட்டியே பேசிவைத்தால் மாணவிகள் வருகை நிலைக்கும்.

ஏழு நாள் முகாம்

ஓர் அணியில் 100 பேர். முகாமுக்கு 50 பேர். தங்குவது பெரும்பாலும் பள்ளிக் கட்டடத்தில். ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கதவுத் தாழ்ப்பாள், விளக்கு, கழிப்பறைத் தண்ணீர் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். "எல்லாம் இருக்குப்பா" என்ற சொல்லை நம்பிப் போனால் முதல் இரவே திண்டாட்டம். மாணவிகள் தங்கும் அறை தனி, அங்கே ஓர் ஆசிரியையும் இரவு தங்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் எல்லாரிடமும் வாங்கியாக வேண்டும். கிணற்றிலும் ஏரியிலும் குளிக்க யாரையும் விடக் கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதில் விலக்கு கிடையாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், ஆளை அசையாமல் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதை முகாமுக்கு முன்பே கேட்டு வைத்திருங்கள்.

மண்வேலை செய்த 50 பேருக்கு மதியச் சாப்பாட்டுக்கு 8 கிலோ அரிசி, சாம்பாருக்கு 2 கிலோ துவரம்பருப்பு, காய் 8 கிலோ, ஒரு வேளை டீக்கு 5 லிட்டர் பால். முதல் நாள் மீந்ததைப் பார்த்து இரண்டாம் நாள் குறைத்துவிடாதீர்கள். இரண்டாம் நாள்தான் பசி எடுக்கும். செலவுக் கணக்கை அன்றன்று இரவே எழுதி ரசீதை ஒட்டுங்கள். ஏழாம் நாள் உட்கார்ந்து எழுதும் கணக்கில் ஏதாவது ஒன்று நிச்சயம் விடுபடும்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் தலைவர். அணித் தலைவர் அன்று அவருக்குக் கீழே சமையலிலோ பெருக்குவதிலோ நிற்பார். இரவு எட்டரைக்கு அரை மணி நேரக் கூட்டம்: இன்று எது நடந்தது, எது நடக்கவில்லை, ஊர்க்காரர் யார் என்ன சொன்னார். அணித் தலைவர் கடைசியாகப் பேசட்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு சொல்லில் சொல்வார்கள்.

கிராம சபையும் மனுவும்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேசவும் தீர்மானம் போடவும் உரிமையுள்ளவர்கள் அந்த ஊராட்சி வாக்காளர்கள். மாணவர் போய் மைக் பிடிப்பது பெரிய பிழை. பாட்டியோ மகளிர் குழுத் தலைவியோ எழுந்து பேசுவதற்கு முதல் நாள் மாலை துணையாக உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. மனு ஒரு பக்கம், ஒரு விஷயம், புல எண், எத்தனை வீடு, என்ன கேட்கிறோம், தேதி. கூட்டத்தில் கொடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

நாட்குறிப்பு

ஊருக்குப் போன ஒவ்வொரு நாளும், தூங்கும் முன் ஐந்து வரி. என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அடுத்த தடவை எதை மாற்றுவேன். "இன்று நல்ல அனுபவம்" என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். "சட்டி தூக்கும் வரிசையில் முதலாண்டுப் பையன் இரண்டு தடவை உட்கார்ந்தான். நான் சத்தம் போட்டேன். காலையில் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் தொடங்கும் முன் எல்லாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்" என்று எழுதினால் அது பயன்படும். மாதத்துக்கு ஒரு தடவை திட்ட அலுவலரோடு உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஆறு மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே தப்பு நான்கு இடத்தில் தெரியும். எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வது, முடியாததற்குத் தலையாட்டுவது, கோபத்தில் பேசுவது என்று அது ஆளுக்கு ஆள் மாறும். பின்னாளில் வேலைக்கான நேர்காணலில் பேசவும் இந்தக் குறிப்பேடே பொருள் தரும். "தலைமைப் பண்பு உண்டு" என்பதைவிட, "25 பேரை வைத்துப் பத்து நாள் காலை வேலையில் 400 மீட்டர் வரத்துக்கால் வெட்டினோம், நான்காம் வாரம் ஆள் குறைந்ததை இப்படிச் சரிசெய்தோம்" என்பது கேட்பவர் மனதில் நிற்கும்.

கைமாற்றம்

இறுதியாண்டின் கடைசி இரண்டு மாதம் அடுத்த தலைவரோடு சேர்ந்தே ஊருக்குப் போங்கள். முதல் மாதம் நீங்கள் பேசுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் மாதம் அவர் பேசட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள். கைமாற்றுக் குறிப்பேட்டில் இவை இருக்க வேண்டும்: யாரை எந்த நேரத்தில் பார்க்கலாம், எந்தத் தெருவுக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், அதில் எது பாக்கி, எந்த மனு யாரிடம் எந்தத் தேதியில் போனது, கருவிகள் எத்தனை, சாவி யாரிடம். தோற்றுப்போன வேலைகளையும் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த அணி அதே பள்ளத்தில் விழாமல் இருக்கும்.

கடைசித் தடவை போகும்போது பள்ளி மைதானத்தில் ஊரைக் கூட்டி, முடித்ததையும் முடிக்காததையும் நீங்களே சொல்லுங்கள். புதிய தலைவரைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். பிறகு மண்வெட்டிகளை எண்ணி, கழுவி, எண்ணெய் தடவி உள்ளே வைத்துவிட்டு, சாவியை எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுங்கள்.